இறுக்கிப் பின்னிவிட்டு "முடி கொட்டுறது சகஜம்" என்பார்கள், நம்பாதீர்கள்

தலை முழுக்கச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் போட்டு, செயற்கை முடி சேர்த்து நீளமாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் நாற்காலியில் உட்காரும் முன் இதைப் படித்துவிடுங்கள். பின்னலே போடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. பின்னுகிறவர் "வலிக்கத்தான் செய்யும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். என்னை அப்படிச் சொல்லித்தான் அனுப்பிவைத்தார்கள். இப்போது இரண்டு காதோரமும் முடி போய், தோல் மருத்துவரிடம் சிகிச்சையில் இருக்கிறேன்.

பார்லரின் பெயர் வேண்டாம். பின்னலுக்கென்றே பேர் வாங்கிய இடம், சுவர் முழுக்க வாடிக்கையாளர் படங்கள், கூட்டத்துக்கும் குறைவில்லை. முடியை அலசிவிட்டு, அது காய்வதற்குள்ளேயே பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ஈரமுடி ரப்பர் மாதிரி நீண்டு கொடுக்கும், கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் அறுந்தும் போகும். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. அடுத்த ஆள் காத்திருந்தார், அவ்வளவுதான்.

பின்தலை முடியும் வரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. முன்பக்கம் வந்தபோதுதான் வலி ஆரம்பித்தது. நெற்றியோரத்தில் குட்டையாகப் பூனைமுடி இருக்குமே, அதைக்கூட விட்டுவைக்கவில்லை. வால்சீப்பின் நுனியால் நெம்பி எடுத்து, ஜெல் தடவி, விரலில் பிடிபடாத அளவு மெல்லிய கற்றையின் அடியில், அதைவிடப் பல மடங்கு கனமான செயற்கை முடியை முடிச்சுப் போட்டு இறுக்கினார்கள். புருவம் தானாக மேலே ஏறிக்கொண்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலிக்கிறது என்றேன்.

"அழகா வரணும்னா கொஞ்சம் பொறுத்துக்கணும்மா. லூசாப் போட்டா ஒரே வாரத்துல கலைஞ்சிடும், அப்புறம் எங்களைத்தான் திட்டுவீங்க."

மறுபடி சொன்னேன். "உங்களுக்குத் தலை ரொம்ப மென்மை" என்று சிரித்தார்கள். குறை தலையில்தானாம், கையில் இல்லையாம்!

அன்று இரவு தலையணையில் பக்கவாட்டில் சாய முடியவில்லை. காதுக்கு மேலே விண் விண் என்று தெறித்தது. போன் செய்தால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்த சில நாட்களில் முன்வரிசைப் பின்னல்களின் அடியில் தோல் சின்னச் சின்ன மேடாக எழும்பி நின்றது. சில மேடுகளின் உச்சியில் சீழ் வைத்த பரு, சிலவற்றில் காய்ந்த பொருக்கு. படம் எடுத்து அனுப்பினேன். "செயற்கை முடி ஒத்துக்கலை போல, வினிகர் கலந்த தண்ணி தடவுங்க" என்று பதில் வந்தது. செயற்கை முடியின் மேலிருக்கும் பூச்சு சிலருக்கு அரிப்பைத் தருவது உண்மைதான். அதற்காகப் பின்னும் முன்பே அந்த முடியை அலசிக் காயவைப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு இருந்தது அரிப்பு இல்லை, வலி. அதுவும் இழுபட்ட வேரில் மட்டும். முன்வரிசையை மட்டுமாவது அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டதற்கு, அமைப்பே கெட்டுவிடும், சில வாரம் போகட்டும் என்றார்கள். வெளியே யாரிடமாவது அவிழ்த்தால் தாங்கள் பொறுப்பில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

ஒருவழியாக அவர்களே அவிழ்த்த நாளில் மடி நிறைய முடி. நான் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எல்லாருக்கும் சொல்கிற அந்த வாக்கியத்தைச் சொன்னார்கள்: "இத்தனை நாள் கொட்ட வேண்டியது உள்ளேயே மாட்டிட்டு இருந்துச்சு, இப்ப மொத்தமா வருது, சகஜம்."

இதில் பாதி நிஜம். அதனால்தான் பலரும் இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை கொட்டும். தலையில் இருக்கிற முடியில் பத்தில் ஒரு பங்கு போல எப்போதும் ஓய்வில் இருக்கும்; ஏறக்குறைய மூன்று மாதம் அப்படி இருந்துவிட்டு விழும். சீப்பிலும் குளியலறையிலும் போகவேண்டியது, பின்னல் போட்டிருக்கும்போது பின்னலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். 6 வாரம் கழித்து அவிழ்த்தால் 2,000 முதல் 4,000 முடி வரை ஒரே நாளில் கையோடு வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் அது நஷ்டம் இல்லை.

மீதிப் பாதியைத்தான் அவர்கள் சொல்லவில்லை. கொட்டிய முடியில் கொஞ்சத்தைக் காகிதத்தில் மடித்து வீட்டுக்கு எடுத்துவந்தேன். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். தானாக உதிர்ந்த முடி முழு நீளத்தில் இருக்கும், ஒரு நுனியில் வெள்ளையாகக் காய்ந்த சின்னக் குமிழ் இருக்கும். பின்தலையில் இருந்து வந்ததில் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. காதோரத்தில் இருந்து வந்ததோ வேறு மாதிரி: விரற்கடை அளவு துண்டுகள், இரண்டு நுனியிலும் குமிழே இல்லை. அவை அறுந்தவை. சிலவற்றின் அடியில் பிசுபிசுவென்று ஈரப் பசையான உறை ஒட்டிக்கொண்டிருந்தது. அவை இன்னும் வளர்ந்துகொண்டிருந்த முடி, வேரோடு பிடுங்கப்பட்டவை. ஆனால் குமிழ் இருக்கிறது என்பதற்காக மட்டும் நிம்மதி அடையவும் வேண்டாம். தொடர்ந்து இழுபடும் முடி நேரத்துக்கு முன்பே ஓய்வுக்குப் போய்க் குமிழோடும் விழும். முடி எங்கிருந்து போயிருக்கிறது என்று பார்க்கவேண்டும். தலை முழுக்கப் பரவலாக என்றால் ஒரு கதை, நெற்றியோரமும் காதோரமும் மட்டும் திட்டாக என்றால் வேறு கதை.

இன்னொன்று. காதோரம் மிஞ்சிய முடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ கோத்திருந்தது. அவிழ்த்த பெண் அதைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் காதில் விழும்படி, "ஈர் இருக்கேம்மா, வீட்ல பார்க்கலியா?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீட்டில் வந்து விரல் நுனியால் தள்ளிப் பார்த்தேன், முடியின் மேல் சரசரவென்று மேலும் கீழும் நகர்ந்தது. ஈர் அப்படி நகராது. முடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இது முடியைச் சுற்றிக் குழல் போல உருவாகும் தோல் படிவு. இறுக்கி இழுத்துக் கட்டும் தலைகளில் வருவது. இழுபட்டதற்குச் சாட்சியாக இருந்ததையே எடுத்து என் சுத்தத்தின் மேல் பழி போட்டுவிட்டார்கள். இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை என்னால் சுலபமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

தோல் மருத்துவர் பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு டிராக்ஷன் அலோபீசியா என்றார், அதாவது இழுவையால் வரும் முடியிழப்பு. புது நோய் ஒன்றும் இல்லை. முடியை இறுக்கி இழுத்துக் கட்டிய கிரீன்லாந்துப் பெண்களிடம் இதைப் பார்த்து 1907இலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். என் நெற்றியோரத்தில் மெல்லிய முடி ஒரு வரிசை மட்டும் மிஞ்சியிருந்தது, அதற்குப் பின்னால்தான் வெறுமை. அந்த ஓர வரிசை மிஞ்சுவது இந்த வகைக்கே உரிய அடையாளமாம். பின்னலுக்குள் பிடிபடாத அளவு குட்டையான முடி தப்பித்துவிடுகிறது.

நல்ல செய்தி, முடி முளைக்கும் துளைகள் இன்னும் தெரிந்தன. ஆரம்பத்திலேயே இழுவையை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வளரும். இழுவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் துளைகள் தழும்பாகி மூடிவிடும், தோல் வழவழப்பாகிவிடும். அந்த இடத்தில் எந்த எண்ணெயும் வேலை செய்யாது. எனக்கு முதலில் வீக்கத்தை அடக்க ஒரு லோஷன், அப்புறம் முடி வளர்வதற்கான மருந்தான மினாக்சிடில். மினாக்சிடில் தொடங்கிய முதல் சில வாரங்களில் கொட்டுவது கூடினாலும் கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் பதறியிருப்பேன். இதைக் கடையில் வாங்கி நீங்களாகவே போட்டுக்கொள்ளாதீர்கள், முக்கியமாகக் கர்ப்பமாக இருப்பவர்களும் பாலூட்டுகிறவர்களும். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும் என்பதால் பொறுமை வேண்டும்.

மருத்துவர் எழுதிக்கொடுத்ததை எடுத்துக்கொண்டு பார்லருக்குப் போனேன். முதலில், உங்கள் முடி ஏற்கெனவே மெலிசு என்றார்கள். பின்னும் முன் எடுத்த படத்தைக் காட்டினேன். உடனே, உடம்பில் சத்துக் குறைவாக இருக்கும் என்றார்கள். சத்துக் குறைவு இரண்டு காதோரத்தை மட்டும் பார்த்துப் பிடிக்குமா என்று கேட்டேன், பதில் இல்லை. கடைசியில் இலவசமாக ஒரு ஹேர் ஸ்பா செய்கிறோம், கூடவே தாங்களே தயாரிக்கும் 'வளர்ச்சி எண்ணெய்' ஒரு பாட்டில் பாதி விலைக்குத் தருகிறோம் என்று இறங்கி வந்தார்கள். பாட்டிலில் என்ன சேர்ந்திருக்கிறது என்றுகூட அச்சிடவில்லை. கெடுத்ததற்கு மருந்தையும் அவர்களிடமே காசு கொடுத்து வாங்கவேண்டுமாம். கொடுத்த பணத்தைத் திருப்பித் தர முடியாது என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

போட்டுக்கொள்ளத்தான் போகிறீர்கள் என்றால் சில விஷயங்களைக் கறாராகப் பேசிவிடுங்கள். முடி முழுதாகக் காய்ந்த பிறகே தொட வேண்டும். நெற்றியோரத்துப் பூனைமுடியைப் பின்னலில் சேர்க்கக் கூடாது. பின்னல் தடிமனாக, நீளம் குறைவாக இருந்தால் வேருக்குப் பாரம் குறைவு. அடியில் முடிச்சுப் போடாமல், சொந்த முடியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் செயற்கை முடியைச் சேர்க்கும் முறை இருக்கிறது. நேரம் அதிகம் பிடிக்கும் என்பதால் பல இடங்களில் அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். முடியை ரசாயனம் போட்டு நேராக்கியிருக்கிறீர்களா என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்ட முடிக்கு இந்த இழுவை இன்னும் ஆபத்து. என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

முன்பக்கம் இரண்டு மூன்று பின்னல் முடிந்ததும் கண்ணாடியில் பாருங்கள். புருவத்தை உயர்த்துங்கள், வாயைத் திறந்து மூடுங்கள். தோல் சுண்டி இழுத்தாலோ, அடியில் மேடு கட்டினாலோ அவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். வலித்தால் இறுக்கம் அதிகம் என்றுதான் தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். பழகினால் போய்விடுகிற வலி என்று ஒன்று இதில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு வலி தெரிந்தாலும் பணம் போயிற்றே என்று பார்க்காமல் முன்வரிசையை மட்டுமாவது அன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். நன்றாகப் போட்ட பின்னலைக்கூட இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், அவிழ்த்த கையோடு மறுபடி போடவும் வேண்டாம். பின்னும் முன் நெற்றியையும் இரண்டு காதோரத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படம் கையில் இருந்ததால்தான் அந்த முதல் சாக்கு என்னிடம் எடுபடவில்லை.

இன்னும் ஒரு பாக்கி இருக்கிறது. பின்னி முடித்த கையோடு அவர்கள் எடுத்த என் படம் இப்போது அவர்களுடைய விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் காதுக்கு மேலே தோல் எழும்பி நிற்பது அதிலேயே தெரிகிறது. எடுத்துவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டார்கள், பதில் இல்லை.