பழைய கார் வாங்கும் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்

கையில் இரண்டு, மூன்று லட்சம் ரொக்கத்தோடு பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லோன் போட்டு வாங்குபவர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து நமக்கு இருக்கிறது. அது எனக்குப் பணம் போன பிறகுதான் புரிந்தது.

எங்கள் ஊர் அந்தியூர் பக்கம். அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை ஈரோட்டில் டயாலிசிஸ். சிகிச்சை காப்பீட்டு அட்டையில் நடந்துவிடுகிறது. போய்வரத்தான் செலவு. வாடகை வண்டிக்கு ஒரு நடைக்கு 1,400 ரூபாய் என்றால் மாதம் 11,000 தாண்டிவிடும். ஊசி குத்தின கையோடு அவரைப் பஸ்ஸில் நிற்க வைக்க மனசு வரவில்லை. சீட்டு எடுத்தது 1,80,000, அம்மா சேர்த்து வைத்திருந்தது 60,000, என்னிடம் இருந்தது 35,000. இந்த 2,75,000 ரூபாய்க்குள் ஒரு வண்டி வாங்கிவிட்டால் தம்பி ஓட்டிக்கொள்வான் என்று முடிவு செய்தோம்.

2009, 2010 மாடல் வண்டிகள் ஒன்றரை லட்சத்துக்குள்ளேயே கிடைத்தன. ஆனால் சொந்த உபயோகக் காருக்கு ஆர்சி 15 வருடம்தான். அது முடிந்தால் வண்டியை ஆர்டிஓவில் காட்டி ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமே 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகிவிட்டது. அதோடு அந்த வயது வண்டிக்கு என்னென்ன வேலை வருமோ என்ற பயம். அதனால் 2014 மாடல் வேகன்ஆர், பெட்ரோல், அதுதான் சரி என்று பட்டது. கிராமத்து மெக்கானிக்குக்கும் கை பழகின வண்டி, ஸ்பேர் எங்கும் கிடைக்கும், அப்பா குனியாமல் ஏறி உட்காரலாம். இதுவரை நாங்கள் யோசித்ததில் தப்பில்லை. இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

2024 ஜூனில் பக்கத்து மாவட்டத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில், அதாவது பழைய கார் விற்கும் கடையில் இருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. 'சிங்கிள் ஓனர், 48,000 கிலோமீட்டர், இன்சூரன்ஸ் கரண்ட்.' சில்வர் கலர். நம்பர் டிஎன் 11. நேரில் போய்ப் பார்த்தோம். சீட் கவர் புதுசு, மேட் புதுசு, தரையில் விரித்த கார்ப்பெட் புதுசு, பெடல் ரப்பர்கூடப் புதுசு. ஏசி திறப்பில் ஒன்றும் கண்ணாடிக்குக் கீழே இரண்டுமாக மூன்று சென்ட் பாட்டில். பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைக்காரர், "அப்பாவை ஒரு தடவை உட்கார வெச்சுப் பாருங்க அம்மிணி, அப்புறம் விலை பேசிக்கலாம்" என்றார். அப்பா உட்கார்ந்தார். "நல்லா இருக்கு கண்ணு" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன்.

2,85,000 சொன்னார். "ரெடி கேஷ்னா 2,60,000. வேற ஆளு சாயங்காலம் வர்றாங்க" என்றார். மறுநாளே பாங்கில் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பில் கேட்டேன். "கேஷுக்கு அவ்வளவு தொகைக்குப் பில் போட முடியாதுங்க, டெலிவரி நோட் தர்றேன்" என்றார். நான் தறிப்பட்டறையில் கணக்கு எழுதுகிறவள். 20 ரூபாய் வவுச்சர்கூட இல்லாமல் ஒரு ரூபாய் கணக்கில் ஏற்றமாட்டேன். அப்படிப்பட்ட நான் அந்த இடத்தில் தலையாட்டினேன்.

அவரால் ஏன் பில் போட முடியவில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே கொடுக்கல் வாங்கலில் ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 ஏப்ரலிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கினவருக்குத்தான் அபராதம், அதுவும் வாங்கின தொகை அளவுக்கு. ஆக, பில் இல்லாதது என் வசதிக்காக இல்லை. டெலிவரி நோட் என்று கொடுத்த காகிதத்தில் கடையின் பெயரே கிடையாது. நான் பார்த்தே இராத பழைய ஓனர் விற்றதாகவும், வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியாகி உள்ளது உள்ளபடி எடுத்துக்கொண்டதாகவும், பகல் 11.40 மணிக்கு மேல் எது நடந்தாலும் என் பொறுப்பு என்றும் எழுதி, கீழே என் கையெழுத்து.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. ஆர்சி என் பெயருக்கு மாறியது. ஆகஸ்டில் ஒரு நல்ல மழை. மறுநாள் கதவைத் திறந்தால், தூர் வாரின குளத்துச் சேற்றின் வாசனை. கண்ணாடியை இறக்கிவிட்டுக் காயவைத்தோம். அப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. ஹாரன் சில நாள் அடிக்கும், சில நாள் அடிக்காது. இடது பக்கக் கண்ணாடி பாதியில் நின்றுவிடும். ஸ்டியரிங் திடீரென்று கல்லாகிவிடும்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது பவானி தாண்டி வண்டி அப்படியே நின்றது. மீட்டரில் இருந்த விளக்கெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து அணைந்தன. மணி நாலு, நல்ல வெயில். டயாலிசிஸ் முடிந்த உடம்பு துவண்டு போயிருக்கும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ரோட்டோரப் புளியமரத்தடியில் துண்டை விரித்து அப்பாவைப் படுக்க வைத்துவிட்டு, வேறு வண்டி வரும்வரை முக்கால் மணி நேரம் நான் விசிறிக்கொண்டிருந்தேன். பணம் போனதைவிட அந்த முக்கால் மணி நேரம்தான் என்னை இதை எழுத வைக்கிறது.

வண்டியைக் கட்டி இழுத்துப் பவானியில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். அந்த மெக்கானிக் அண்ணா பானெட்டைத் திறக்கவே இல்லை. வாசனையை முகர்ந்தார், பின் சீட்டில் உட்கார்ந்தார், சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்துக்கொண்டே போனார். நாம் மாட்டும்போது ஒரு முழம், இரண்டு முழம்தானே இழுப்போம்? அவர் சுருளில் ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும் இழுத்தார். வெளியே தெரிகிற பாகம் கறுப்பாகப் பளிச்சென்று இருந்தது. கடைசி இரண்டு சாண் மட்டும் பழுப்பு. நகத்தால் சுரண்டினார், மாவு மாதிரி மண் உதிர்ந்தது. "ஏனுங்க, இது எந்த ஊர் வண்டி?" என்றார். டிஎன் 11 என்றேன். "தாம்பரமுங்களா? மிக்ஜாம் தண்ணியில நின்ன வண்டிங்க இது."

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல். சென்னைப் பக்கம் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் தண்ணீரில் மிதந்ததை டிவியில் நாங்களும் பார்த்தோம். காரெல்லாம் கூரை மட்டும் தெரிய நின்றதைப் பார்த்து உச்சுக் கொட்டினோம். ஏழே மாதத்தில் அதில் ஒன்றைக் காசு கொடுத்து வீட்டுக்கு ஓட்டி வருவோம் என்று யாருக்குத் தெரியும்?

புது கார்ப்பெட்டைத் தூக்கியதும் எல்லாம் தெரிந்தது. சீட் தண்டவாளத்தின் போல்ட்டெல்லாம் துரு. டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்தால் அந்தப் பள்ளத்து மூலையில் காய்ந்த வண்டல். டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கப்ளரைக் கழற்றிக் காட்டினார், உள்ளே செம்பெல்லாம் பச்சைப் பூத்திருந்தது. வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு இதுதான் நோய் என்றார். இன்ஜினைக் கழுவி, ஆயில் மாற்றி ஓட வைத்துவிடலாம். ஒயருக்குள் போன ஈரம் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. விற்றவர் கை கழுவிய பிறகுதான் ஒவ்வொன்றாகப் படுக்கும்.

இந்த வண்டிகள் எப்படி வெளியே வருகின்றன என்றும் அவரே சொன்னார். ரிப்பேர் செலவு, பாலிசியில் போட்டிருக்கும் வண்டி மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸில் 'டோட்டல் லாஸ்' என்று முடிவு செய்து ஓனருக்குப் பணம் கொடுத்துவிடுவார்கள். மிஞ்சின வண்டி ஏலத்துக்குப் போகும். கொஞ்சக் காசுக்கு எடுப்பவர்கள் கழுவி, மெத்தை மாற்றி, வெள்ளத்தை நினைத்தே பார்க்காத ஊர்களுக்குக் கொண்டுவந்து விற்கிறார்கள். எங்களைப் போன்ற ஊர்களுக்கு.

அடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு ஆர்சியோடு போனேன். ஓனர் என்பதால் பழைய சர்வீஸ் கணக்கைப் பார்த்துச் சொன்னார்கள். 2022-லேயே 97,000 கிலோமீட்டர். எனக்கு விற்றபோது மீட்டரில் 48,000. பெடல் ரப்பர் ஏன் புதுசாக இருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அரை லட்சம்கூட ஓடாத வண்டிக்குப் பெடல் ரப்பர் மாற்ற வேண்டிய அவசியமே வராது. அரசாங்கத்தின் பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர் என்று காட்டும், ஒரு நிமிட வேலை. வாங்குவதற்கு முன் நான் அதைச் செய்யவில்லை. இப்போது போட்டுப் பார்த்தேன், என்னை மூன்றாவது ஓனர் என்று காட்டுகிறது. சிங்கிள் ஓனர் என்றது பொய்.

கடைக்காரரிடம் போனோம். அம்மிணி என்று கூப்பிட்டவர் இந்த முறை நாற்காலிகூடக் காட்டவில்லை. "ரெண்டு மாசம் நல்லாத்தானே ஓடுச்சு? பழைய வண்டின்னா அப்படித்தான். வேண்டாம்னா 90,000-க்கு நானே எடுத்துக்கறேன்." டெலிவரி நோட்டை எடுத்துக் காட்டி, என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

நான் முதலில் சொன்ன ஆபத்து இதுதான். லோனில் வாங்கினால் பணம் கொடுக்கும் முன் பாங்கோ ஃபைனான்ஸோ ஓர் ஆளை அனுப்பி வண்டியை மதிப்புப் போடும், பேப்பரைச் சரிபார்க்கும், பணமும் அக்கவுண்டில்தான் போகும். ரொக்கக்காரருக்கு அந்த இன்னொரு ஜோடிக் கண் இல்லை, போன பணத்துக்குத் தடமும் இல்லை. 'ரெடி கேஷ்னா குறைச்சுக்கலாம்' என்று சொல்வதன் அர்த்தம் அது. அதனால் அந்தக் கண்ணை நாமே கூட்டிக்கொண்டு போக வேண்டும். உங்கள் ஊர் மெக்கானிக்குக்கு ஒரு நாள் கூலி, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500 ஆகுமா? கொடுங்கள். கடைக்காரர் 'எங்க ஆளே பார்த்துச் சொல்வாரு' என்றால் வேண்டாம்.

மெக்கானிக்கைக் கூட்டிப்போக முடியாத நிலை என்றால், நீங்களே போய் முதலில் கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். தூக்க விடவில்லையென்றால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். எல்லா சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். சென்ட் பாட்டிலை எடுக்கச் சொல்லி, கண்ணாடியை ஏற்றி, ஏசி போடாமல் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஹெட்லைட்டுக்கு உள்ளே நீர்க்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் உள்ள வண்டியென்றால் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ அதைப் பிடுங்கிவிட்டிருக்கிறார்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். கிளைம் இல்லாமல் வருடம் கூடக் கூட நோ கிளைம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20 சதவீதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும். பல வருடமாக ஒரே கையில் இருந்த வண்டிக்கு அது திடீரென்று பூஜ்யமாகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். எனக்குக் காட்டினது மூன்று மாதம் முன்பு புதிதாகப் போட்ட வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, நம் வண்டிச் சேதத்துக்குப் பணம் தராதது.

பணத்தை அக்கவுண்டில் போடுங்கள். அதற்காகப் பத்தாயிரம் கூடக் கேட்டாலும் பரவாயில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

நான் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. 1915-க்குப் போன் செய்தால் தமிழிலேயே வழி சொல்வார்கள். என் கையில் இருப்பது அந்த வாட்ஸ்அப் விளம்பரம், பாங்கில் பணம் எடுத்த கணக்கு, சர்வீஸ் சென்டர் தாள், மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு. தயவுசெய்து நீங்களும் விளம்பரப் படத்தை அழிக்காதீர்கள்.

போன மாதம் ஒரு புரோக்கர் வீட்டுக்கே வந்தார். 1,40,000 தருவதாகச் சொன்னார். "ஒயரிங் மட்டும் தட்டி விட்டா ஓடிரும், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், நான் தள்ளிவிட்டுக்கறேன்" என்றார். அந்தப் பணம் எங்களுக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்தார், அப்பா முகத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவே "வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டார். வண்டி வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நாளைக்கு வியாழன். காலை ஆறு மணிக்கு வாடகை வண்டி சொல்லியிருக்கிறேன்.