புதிய மைனிங் சிப்: ரிசல்ட்டுக்கு முன்பே பணம் கட்டுவதா, மெஷின் வரும்வரை பொறுப்பதா, பங்கா, காயினா?

"ரிசல்ட் வந்துட்டுன்னா வெல ஏறிரும்லா தம்பி? அதுக்கு முன்னாடியே போட்டுருவோமா?"

வள்ளியூர் அண்ணாச்சி ஒருவர் கேட்ட கேள்வி இது. பிட்காயின் மைனிங்குக்கான, அதாவது கணினிக் கணக்குகளை ஓயாமல் போட்டு புதிய பிட்காயினைப் பரிசாகப் பெறும் வேலைக்கான, புதிய சிப் சோதனையில் இருக்கிறது, ரிசல்ட் வெளியாவதற்குள் கட்டினால் மெஷின் சலுகை விலையில் கிடைக்கும், அதை வெளிநாட்டில் வைத்து அவர்களே ஓட்டி மாதாமாதம் பணம் அனுப்புவார்கள் என்று திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஹால் பிடித்துப் பேசியிருக்கிறார்கள். அண்ணாச்சி கட்ட நினைப்பது பணி ஓய்வில் கைக்கு வந்த பணம். இதே கேள்வியோடு நாங்குநேரியிலும் பாளையங்கோட்டையிலும் பலர் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

புதிய சிப்பின் பலனில் பங்கெடுக்க நினைப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. ரிசல்ட்டுக்கு முன் அட்வான்ஸ் கட்டலாம். மெஷின் சந்தைக்கு வந்த பிறகு வாங்கலாம். சிப் செய்யும் கம்பெனியின் பங்கை வாங்கலாம். எதுவும் வேண்டாம் என்று பிட்காயினையே வாங்கிவிடலாம். ஆனால் இவற்றை ஒப்பிடுவதற்கு முன், எந்த ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரிய வேண்டும்.

சிப்பின் வடிவமைப்பை முடித்து ஃபவுண்டரிக்கு, அதாவது சிப்பை அச்சிடும் ஆலைக்கு, அனுப்புவதை டேப்-அவுட் என்பார்கள். முதல் வேஃபர், அதாவது சிப்புகள் அச்சான சிலிக்கான் தட்டு, திரும்பி வரச் சில மாதங்கள் ஆகும். வந்ததும் வெட்டி, பேக்கேஜ் செய்து, சோதனை போர்டில் ஏற்றுவார்கள். வோல்டேஜையும் கடிகார வேகத்தையும் படிப்படியாக மாற்றி, எந்த வோல்டேஜில் எந்த வேகம்வரை பிழையில்லாமல் ஓடுகிறது, எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று குறித்துக்கொண்டே போவார்கள். இப்படிக் கிடைக்கும் புள்ளிகள் ஏராளம். செய்தியாக வெளியே வருவது அதில் ஒன்று. பெரும்பாலும் அது மிகக் குறைந்த வோல்டேஜில் எடுத்த, பார்க்க அழகான புள்ளி.

அளவுகோல் ஜூல்/டெராஹேஷ். மைனிங் மெஷின் பரிசுக்காகப் போடும் ஒவ்வொரு கணக்கும் ஒரு முயற்சி. ஒரு டெராஹேஷ் என்றால் ஒரு லட்சம் கோடி முயற்சி. அத்தனை முயற்சிக்கு எத்தனை ஜூல் செலவாகிறது என்பதுதான் அந்த எண். குறையக் குறைய நல்லது. 2016-ல் வந்த ஆன்ட்மைனர் எஸ்9 மெஷின் சுமார் 98 ஜூல் தின்றது. அதே வரிசையில் பின்னால் வந்த எஸ்21 எக்ஸ்பி 13.5 ஜூலில் அதே வேலையைச் செய்கிறது. எட்டு வருஷத்துக்குள் ஏழு மடங்கு முன்னேற்றம். புதிய சிப் என்றதும் முதலீட்டாளர்கள் பரபரப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் சிப்பின் எண் வேறு, மெஷினின் எண் வேறு. சிப் எடுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும், இறங்கும். வோல்டேஜைக் குறைத்தால் எண் நன்றாக வரும், ஆனால் சிப்பின் வேகமும் குறையும். அதே மொத்த வேகம் வேண்டுமென்றால் கூடுதல் சிப்புகளை அடுக்க வேண்டும், மெஷினின் விலை ஏறிவிடும். அதனால் விற்பனைக்கு வரும் மெஷினில் சிப்பைக் கொஞ்சம் விரட்டித்தான் ஓட்டுவார்கள். அதோடு பவர் சப்ளையில் ஒரு பங்கு வீணாகும், ஃபேன்களுக்கு ஒரு பங்கு போகும்.

பிட்டியர் கம்பெனியின் சீல்03 சிப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2025-ல் அதன் சோதனை முடிவு வந்தபோது குறைந்த வோல்டேஜில் 9.7 ஜூல் என்றார்கள். அதே வருஷம் வந்த சீல்மைனர் ஏ3 ப்ரோ, காற்றில் குளிரும் மாடல், நொடிக்கு 290 டெராஹேஷ் வேகத்துக்கு 3,625 வாட், அதாவது 12.5 ஜூல். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. இரண்டும் வெவ்வேறு இடத்தில் எடுத்த அளவுகள், அவ்வளவுதான். ஆனால் 9.7-ஐ நம்பிக் கணக்குப் போட்டவருக்கு மெஷின் 812 வாட் கூடுதலாக இழுக்கும். நாளுக்குப் பத்தொன்பதரை யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 71,000 ரூபாய்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. கயத்தாற்றில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. எந்தக் காற்று வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காற்றாலை செய்பவர் தரும் பவர் கர்வ் ஒன்று. கம்பம் நட்டு, காற்றின் வேகத்தையும் வரும் மின்சாரத்தையும் மூன்றாம் ஆள் அளந்து தருவது இன்னொன்று. காற்றாலையில் பணம் போட்டவர்கள் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். மைனிங் சிப்புக்குச் செய்தியாக வருவது முதல் வகை.

சரி, இப்போது முதல் வழி: ரிசல்ட்டுக்கு முன் அட்வான்ஸ். இதன் பழைய கதைகளைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. 2012-ல் அமெரிக்காவின் பட்டர்ஃப்ளை லேப்ஸ் வராத சிப்புக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கியது. சொன்ன மாதத்தில் மெஷின் வரவில்லை. வந்தபோது சொன்னதைவிட மிக அதிக மின்சாரம் எடுத்தது. 2014 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் நீதிமன்றத்துக்குப் போய் அதை நிறுத்த வேண்டியிருந்தது. ஹாஷ்ஃபாஸ்ட், காயின்டெர்ரா, ஸ்வீடனின் கேஎன்சிமைனர் எல்லாமே முன்பதிவுப் பணத்தில் வளர்ந்து, 2014-க்கும் 2016-க்கும் இடையில் திவாலானவை. இவர்களிடம் சிப் இருந்தது. உண்மையான பொறியாளர்கள் இருந்தார்கள். அப்படியும் தாக்குப்பிடிக்கவில்லை. தாமதம் பெரிய ஆபத்து. ஒரு சிப் நான்கு மாதம் தள்ளிப் போனால் அதற்குள் உலகம் முழுக்க மைனிங் செய்யும் மெஷின்களின் வலையமைப்பில் போட்டி கூடி, கணக்கின் கடினம் ஏறிவிடும், வரவேண்டிய காயின் குறைந்துவிடும்.

ஒரு நல்ல கதையும் உண்டு. 2012-ல் ஏசிக்மைனர் பங்கு ஒன்றை 0.1 பிட்காயினுக்கு விற்று, அந்தப் பணத்தில் சிப் செய்து, 2013-ல் போட்டதற்கு மேலேயே ஈவுத்தொகை கொடுத்தது. பிறகு அதுவும் நின்றுபோனது. அந்த ஒன்றைக் காட்டித்தான் அதே வருஷங்களில் பல பேர் பணம் திரட்டினார்கள்.

பெரிய பெயராக இருந்தால் பயமில்லை என்பவர்களுக்கு: இன்டெல் 2022 ஏப்ரலில் பிளாக்ஸ்கேல் என்ற மைனிங் சிப்பை 26 ஜூல் என்று அறிவித்தது. 2023 ஏப்ரலில் அந்தத் தொழிலையே விட்டது.

நம் நாட்டில் நடந்ததையும் மறக்க வேண்டாம். மைனிங் என்ற பெயரில் மாதம் 10 சதவீதம், 18 மாதத்துக்குத் தருவதாகச் சொன்ன கெயின்பிட்காயின் திட்டத்தில் நாடு முழுக்கப் பணம் போட்டு இழந்தார்கள். அதை நடத்தியவர் 2018-ல் கைதானார். இன்று வண்ணார்பேட்டைக் கூட்டத்தில் சிப், நானோமீட்டர், டேப்-அவுட் என்ற சொற்கள் கூடியிருக்கின்றன. மாதாமாதம் இவ்வளவு என்று உறுதி சொல்வது மட்டும் அப்படியே இருக்கிறது.

என் கருத்தில் தனி மனிதருக்கு இந்த வழி ஆகவே ஆகாது. சிப் தோற்றால் நட்டம் கட்டியவருக்கு. ஜெயித்தால், முதல் மெஷின்கள் ஆயிரக்கணக்கில் வாங்கும் பெரிய மைனிங் கம்பெனிகளுக்குத்தான் போகும். ரிசல்ட்டுக்கு முன்பு பணம் தருபவர் உண்மையில் சிப்புக்கு முதல் போடுபவர். ஆனால் முதல் போட்டவருக்கு உரிய பங்கு அவர் கையில் இல்லை.

இரண்டாவது வழி, மெஷின் வந்த பிறகு வாங்கி இங்கேயே ஓட்டுவது. இதற்குக் கணக்கே பதில் சொல்லும். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊரில் வணிக இணைப்புக்கு அந்த அளவில்தான் வரும். வருமானத்துக்கு, நொடிக்கு 1,000 டெராஹேஷ் வேகத்தில் ஒரு நாள் ஓடினால் 50 டாலர் என்று வைக்கிறேன். 2025-ல் இது பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் இடையே ஊசலாடியது. டாலர் 85 ரூபாய் என்று வைக்கிறேன்.

பழைய எஸ்9: மின்கட்டணம் நாளுக்கு 317 ரூபாய், வருமானம் 57. அதை யாராவது மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். எஸ்21, 200 டெராஹேஷ், 3,500 வாட்: கட்டணம் 840, வருமானம் 850. கைக்காசு போகாது, அவ்வளவுதான். எஸ்21 எக்ஸ்பி: 875-க்கு 1,147. ஏ3 ப்ரோ: 870-க்கு 1,232, மிச்சம் 362 ரூபாய்.

மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். இங்கேதான் வரி வருகிறது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்கக் கூடாது. மைனிங் கருவிகளுக்கான செலவு வாங்கிய விலையில் சேராது என்று நிதி அமைச்சகம் அதே வருஷம் நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டது. மின்கட்டணத்தையும் கழிக்க முடியாமல் போனால் 1,232-க்கு வரி சுமார் 370 ரூபாய். மிச்சமோ 362. மெஷின் வாங்கிய பணம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

அப்புறம் வெயில். இந்த மெஷின்கள் உள்ளிழுக்கும் காற்று 40, 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதம் பாளையங்கோட்டையில் வெளியிலேயே 38, 39 டிகிரி. மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறைக்குள் வைத்தால் ஃபேன் முழு வேகத்தில் அலறும், சிப் சூடாகிக் கசிவு மின்சாரம் கூடும், கடைசியில் மெஷின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சத்தம் 75 டெசிபல். அடுத்த வீட்டுக்காரர் இரண்டாம் நாளே வந்துவிடுவார். வீட்டு இணைப்பில் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 5,000 யூனிட்டுக்கு மேல் போகும், உச்ச ஸ்லாபில் விழும்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் சொந்தக் காற்றாலை வைத்திருப்பவர்கள், சீசனில் மிஞ்சும் மின்சாரத்தில் ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் அவர்களுக்குப் புதிய சிப் தேவையே இல்லை. காற்று மே முதல் செப்டம்பர் வரை. மீதி மாதங்கள் மெஷின் தூங்கும். பல லட்சம் கொடுத்த மெஷின் தூங்கினால் நட்டம். மின்சாரம் மலிவு, ஆனால் விட்டுவிட்டு வரும் என்றால் ஒரு தலைமுறை பழைய, பாதி விலை மெஷின்தான் பொருந்தும். மின்சாரம் விலை கூடிய இடத்தில் மட்டுமே புதிய சிப்பின் ரிசல்ட் வாழ்வா சாவா பிரச்சினை.

இன்னொன்று, வலையமைப்பு நமக்காக நிற்காது. அதன் மொத்த வேகம் 2024 தொடக்கத்தில் நொடிக்கு 500 எக்ஸாஹேஷ் (ஒரு எக்ஸாஹேஷ் பத்து லட்சம் டெராஹேஷ்) அளவில் இருந்தது, 2025-ல் 1,000-ஐத் தாண்டியது. அதே மெஷின், பாதி காயின். மைனிங்கில் ஒவ்வொரு முறை ஜெயிப்பவருக்கும் கிடைக்கும் பிளாக் பரிசு 2024 ஏப்ரலில் 3.125 பிட்காயினாகக் குறைந்தது. 2028-ல் அதிலும் பாதி.

பங்கு வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மைனிங் சிப் செய்யும் கனான், பிட்டியர் இரண்டும் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் வெளிநாட்டுப் பண அனுப்பல் திட்டத்தில் முறையாக வாங்கலாம். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் லாபத்துக்கு வரி 12.5 சதவீதம், நட்டத்தை விதிப்படி ஈடுகட்டலாம். கிரிப்டோவில் அந்த வசதி கிடையாது. கம்பெனி கணக்கை வெளியிட்டே ஆக வேண்டும். ஆனால் நல்ல சிப் செய்வது வேறு, பங்கு ஏறுவது வேறு: 2019 நவம்பரில் 9 டாலருக்கு வெளியான கனான் 2025-ல் 1 டாலருக்குக் கீழே போனது. ரிசல்ட்டை நம்பித்தான் பணம் போடுவேன் என்று நிற்பவருக்கு, போனால் போகட்டும் என்ற தொகைக்கு, இதுவே நேர்மையான வழி.

காயின் வழி இன்னும் எளிது. சிப் தோற்றாலும் ஜெயித்தாலும் உங்களிடம் இருக்கும் காயினின் எண்ணிக்கை மாறாது. விற்கும்போது வாங்கிய விலையைக் கழிக்கலாம். மைனிங்கில் கிடைக்காத சலுகை அது. விலை பாதியாக விழலாம் என்பதைத் தாங்கும் மனமும், இழக்கக்கூடிய பணமும் இருந்தால் மட்டும். ஓய்வுப் பணத்துக்கு இதையும் நான் சொல்ல மாட்டேன்.

அண்ணாச்சிக்கு நான் சொன்னது: அட்வான்ஸ் கட்டச் சொல்பவரிடம் மூன்றை எழுத்தில் கேளுங்கள். சுவர் பிளக்கில் மீட்டர் வைத்து, 35 டிகிரி காற்றில், ஒரு வாரம் ஓடிய முழு மெஷினின் ஜூல் எவ்வளவு. அந்த எண் வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும், ரூபாயிலா காயினிலா. மெஷின் எந்த ஊரில் இருக்கும், அதன் சீரியல் நம்பர் என்ன, தகராறு வந்தால் எந்த நீதிமன்றம். மூன்றாவதற்கு "சிங்கப்பூரில் பார்த்துக்கலாம்" என்று பதில் வந்ததாம். பணம் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது.