கூல் ரூஃப் பெயிண்ட்: ஈரோடு, கரூர் வெயிலுக்கு எடுபடுமா?

மாசி முடிந்தாலே கோவையிலிருந்து கரூர் வரை ஹார்டுவேர் கடை வாசல்களில் கூல் ரூஃப் பெயிண்ட், அதாவது வெயிலைத் திருப்பிவிடும் வெள்ளை மாடிப் பெயிண்ட் பக்கெட்டுகளை அடுக்கிவிடுவார்கள். ‘10 டிகிரி குறையும்’ என்று பெரிதாகப் போட்டிருக்கும். எங்கே குறையும் என்று மட்டும் போட்டிருக்காது. கோடை உச்சி வெயிலில் வெறும் கான்கிரீட் மாடியின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். நல்ல வெள்ளைப் பூச்சு இருந்தால் 40, 45இல் நிற்கும். ஆனால் கீழே அறைக்குள் 2 முதல் 4 டிகிரி குறைந்தாலே பெயிண்ட் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம். ராத்திரி ஃபேன் போட்டால் அனல் இறங்காமல் இருக்க அது போதும். நாங்கள் கொடுக்கும் மதிப்பெண் 5க்கு 3.5. மீதி ஒன்றரையைக் குறைத்தது விற்கிற விதம்.

கொங்குப் பகுதி 11 டிகிரி வட அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும், மறுபடி ஆவணியிலும் மத்தியானச் சூரியன் நேர் உச்சந்தலைக்கு வந்துவிடும். கோடையில் சுவரைவிட மொட்டை மாடிதான் அதிக வெயிலைக் குடிக்கிறது. அதனால் தார்சு (கான்கிரீட் கூரை) வீட்டில் முதல் செலவு மாடிக்கு என்பதில் சந்தேகமில்லை. மேலே இன்னொரு வீடு இருந்தால் இந்தப் பெயிண்டால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லீங்க.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, பக்கெட்டில் இருக்கும் 20 என்பது லிட்டரா, கிலோவா. இந்த வகைப் பெயிண்ட் லிட்டருக்குச் சுமார் 1.3 கிலோ எடை வரும். 20 கிலோ பக்கெட்டில் 15 லிட்டர் சொச்சம்தான். விலை குறைவாகத் தெரிவதன் ரகசியம் பல நேரம் இதுதான். அடுத்து டெக்னிக்கல் ஷீட்டைக் கேளுங்கள். சூரிய ஒளிப் பிரதிபலிப்பு (வெயிலைத் திருப்பும் திறன்) 0.80க்கு மேலும், வெப்ப உமிழ்வு (வாங்கிய சூட்டை வெளியே விடும் திறன்) 0.90க்குக் குறையாமலும் இருக்கட்டும். வணிகக் கட்டடங்களுக்கான மின்சிக்கன விதியான ஈ.சி.பி.சி. 2017 கேட்டது 0.60 பிரதிபலிப்புதான். ஆனாலும் கூடுதலாக வாங்குவதே நல்லது, ஏனென்றால் தூசி படியப் படிய அந்த எண் இறங்கிக்கொண்டே போகும். கடைக்காரர் ஷீட் இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

அளவில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. ஒரு பக்கெட் 1,000 சதுர அடிக்கு வரும் என்பார்கள். தண்ணீர் கலந்து இழுத்தால் வரத்தான் செய்யும்; ஆனால் ஒரே ஐப்பசி மழையில் சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். கணக்கு இதுதான்: காய்ந்த பின் 0.3 மி.மீ. கனம் நிற்க வேண்டும். பெயிண்டில் திடப்பொருள் கொள்ளளவில் பாதி என்றால், ஈரமாக 0.6 மி.மீ. போட வேண்டும். அது சதுர மீட்டருக்கு 0.6 லிட்டர், அதாவது லிட்டருக்கு 18 சதுர அடி. 1,000 சதுர அடிக்கு 55 லிட்டர் சொச்சம், 20 லிட்டர் பக்கெட் மூன்று. பெயிண்டர் எத்தனை பக்கெட் திறந்தார் என்று மட்டும் பார்த்தாலே வேலையின் தரம் தெரிந்துவிடும்.

உரிவதற்குப் பெரும்பாலும் காரணம் பெயிண்ட் அல்ல, அடியில் இருக்கும் ஈரம். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் ஷீட்டைத் தளத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் காலை உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் இப்போது அடிக்காதீர்கள். வெயிலில் அந்த நீராவி மேலே கிளம்பிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். புதுத் தளம் என்றால் 28 நாளாவது போகட்டும். பாசியை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டு, நன்றாகக் கழுவிக் காய வையுங்கள். வெடிப்பைக் கீறி கிராக் ஃபில்லர் அடையுங்கள். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் கலவையால் சரிவு கட்டி, ஃபைபர் வலை வைத்து அடிக்க வேண்டும். முதலில் கிழிகிற இடம் அதுதான். தண்ணீர் தேங்கும் இடத்தில் வாட்டத்தைச் சரிசெய்யாமல் அடித்தால் காசு வீண். 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் சரிவு வேண்டும்.

அடிக்கும் நேரம் விடியலில் 6 மணியிலிருந்து 9 வரை, இல்லையென்றால் சாயங்காலம் 4க்கு மேல். கொதிக்கும் தளத்தில் பெயிண்ட் பிடிப்பதற்குள் காய்ந்து, பொடியாக உதிரும். இரண்டாவது கோட் முதல் கோட்டுக்குக் குறுக்காகப் போகட்டும்.

வெள்ளை கூல் டைல்ஸ் இதைவிட நீடிக்கும், நடமாட்டத்தையும் தாங்கும். செலவு பல மடங்கு; மாடியின் மேல் பாரமும் கூடும். பழைய முறையான செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம், 32 கன அடி ஜல்லிக்கு 12.5 கன அடி சுண்ணாம்பு என்ற கணக்கில் போட்டது, இன்றைக்கும் மழைக்கு நல்ல காவல். அதன் மேல் பதிக்கும் சிவப்புத் தட்டோடு மட்டும் வெயிலைக் குடிக்கும். அதன் மேலேயே வெள்ளையடிக்கலாம்.

புது வீடு கட்டுகிறவர்கள் பெயிண்டை மட்டும் நம்ப வேண்டாம். குடியிருப்புகளுக்கான மின்சிக்கன விதியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்குக் கேட்கும் வெப்பக் கடத்தல் அளவு (யூ வேல்யூ; குறையக் குறைய நல்லது) 1.2க்குள். வெறும் 6 அங்குல கான்கிரீட் தளம் 3க்கு மேல் காட்டும். பெயிண்ட் அந்த எண்ணை அசைக்காது. ஓர் அங்குல எக்ஸ்.பி.எஸ். என்ற வெப்பத்தடுப்பு ஃபோம் பலகையைத் தளத்துக்கு மேல் வைத்தாலே 0.9 பக்கம் வந்துவிடும். அதற்கு மேல் வெள்ளை டைல்ஸ் பதித்தால் ஏ.சி. ஒரு சைஸ் சின்னதாகவே போதும்.

திருப்பூர், பல்லடம் பக்கத்து ஷெட்டுகளில் அலுமினிய பெயிண்ட் அடிக்கிறார்கள். பளபளப்பு வெயிலைத் திருப்பும், ஆனால் வாங்கிய சூட்டை வெளியே விடாது, உமிழ்வு குறைவு. மெல்லிய தகரத்துக்கு வெள்ளை கூல் ரூஃப்தான் பொருத்தம். துரு இருந்தால் தேய்த்து, துருத்தடுப்பு பிரைமர் அடித்துவிட்டு அடிக்க வேண்டும்.

கல்குவாரி, நூற்பாலை அருகில் இருந்தால் வருடத்துக்கு இருமுறை கழுவ வேண்டியிருக்கும். மற்றவர்கள் மாசிக் கடைசியில் ஒரு முறை, சோப்புத் தண்ணீரும் தென்னந்துடைப்பமும் போதும். காங்கேயம் பக்கம் மாடியில் கொப்பரை காயப்போடுகிறவர்கள் இதை வாங்கவே வேண்டாம், எண்ணெய்க் கறை போகாது. மாடி முழுக்க சோலார் பேனல் நிற்கும் வீட்டுக்கும் தேவையில்லை. அந்த நிழலே பாதி வேலையைச் செய்துவிடும்.