மூன்று சிறிய நாவல்களுக்கு அப்புறம் எது?

டிசம்பர் முழுக்கச் சின்ன நாவல்களாகவே படித்தேன். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’, பூமணியின் ‘வெக்கை’, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போவதற்குள் அடுத்தது எது என்று முடிவு செய்தாக வேண்டும். மனதில் இருப்பவை மூன்று: பூமணியின் ‘அஞ்ஞாடி’, ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’, அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’. மூன்றையும் ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று கிளம்பினால் எதுவும் மனதில் தங்காது.

படித்ததிலிருந்துதான் படிக்க வேண்டியது தெரியவரும் என்பதால் அதைப் பற்றி முதலில். ‘வாடிவாசல்’ (1959), ‘வெக்கை’ (1982) இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தது நல்லதாகப் போயிற்று. இரண்டிலும் பழிதான் விஷயம். தன் அப்பா அம்புலியின் உயிரைக் குடித்த காரிக் காளையை ஜல்லிக்கட்டில் அணைந்து அடக்கத்தான் ‘வாடிவாசல்’ நாயகன் பிச்சி வருகிறான். ‘வெக்கை’யின் சிதம்பரமோ, அண்ணனைக் கொன்ற வடக்கூரானை நாவல் தொடங்கும்போதே வெட்டிவிட்டு ஓடுகிறான். செல்லப்பாவின் கதை பழி தீர்க்கும் கணத்தை நோக்கிப் போகிறது. பூமணியின் கதை அந்தக் கணம் முடிந்த பிறகு தொடங்குகிறது. ‘வாடிவாசல்’ ஒரு பிற்பகலுக்குள் அடங்கிவிடுகிறது. கூட்டத்தின் பேச்சும் கிழவனின் அனுபவமும் சேர்ந்து, காரி வெளியே வருவதற்குள் நம்மையே பதற வைத்துவிடுகின்றன.

ஆனாலும் எனக்கு ‘வெக்கை’தான் பெரிய நாவல். பதினைந்து வயதுப் பையனும் அவன் அப்பாவும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். அந்த நாட்களில் சமைக்கிறார்கள், தூங்க இடம் தேடுகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். மகன் செய்த காரியத்துக்காக அப்பா ஒப்பாரி வைப்பதில்லை. அடுத்த வேளைச் சாப்பாடு, அடுத்த மறைவிடம் என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தபடியே நடக்கிறார். கொலைக்குப் பிறகும் பசிக்கத்தான் செய்கிறது என்பதை இவ்வளவு பொறுமையாக எழுதிய நாவல் தமிழில் குறைவு. இந்த நாவலைத் தழுவி எடுத்த ‘அசுரன்’ (2019) படத்தைப் பார்த்துவிட்டு இதற்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: படத்தைத் தாங்குவது அப்பா, நாவலைத் தாங்குவது பையன். அதே கதையை எதிர்பார்க்காமல் படியுங்கள்.

‘தண்ணீர்’ வேறு உலகம். குழாய் வறண்டுபோன சென்னைத் தெரு ஒன்றில் ஜமுனா, சாயா, டீச்சரம்மா. அசோகமித்திரன் ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்துவதில்லை. ஜமுனாவிடம் டீச்சரம்மா தன் வாழ்க்கையைச் சொல்லும் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன்.

சரி, இனி வரப்போவது. 2012-இல் வந்து 2014-இல் சாகித்ய அகாதமி விருது பெற்ற ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். ஆண்டி, மாரி என்ற இரண்டு சிறுவர்களின் நட்பில் தொடங்கி, தலைமுறைகளைத் தாண்டி, 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் என்று விரிகிறது. ‘வெக்கை’யில் கரிசல் பேச்சு காதுக்குப் பழகிவிட்டதால் உடனே இதில் இறங்கலாம் என்ற ஆசை இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து வந்து, இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிற நாவல் இல்லை இது. யார் யாருக்கு என்ன உறவு என்பதே நடுவில் விட்டுப்போகும்.

‘புயலிலே ஒரு தோணி’ (1972) நீளத்தில் பயமுறுத்தாது, வேகத்தில் பயமுறுத்தும். சிங்காரம் 1938-இல், இளம் வயதிலேயே, சுமத்ராவின் மெடானுக்கு வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடித்த அந்த நிலமும், வட்டிக்கடைத் தமிழர்களும், இந்திய தேசிய ராணுவமும் அவர் கண்ணால் கண்ட உலகம். நாயகன் பாண்டியனின் சாகசத்துக்கு நடுவே பழந்தமிழ்ப் பாட்டும் மதுரை நினைவும் கேலியும் பாய்ந்து வரும். ‘தண்ணீர்’ படித்த காதோடு உடனே இதற்குள் போக எனக்கு மனமில்லை. ‘வாடிவாசல்’ மாதிரி பரபரவென்று போகவேண்டும் என்பவர்கள் தாராளமாக இதை முதலில் எடுக்கலாம்.

என் கை போவது ‘18வது அட்சக்கோடு’ (1977) பக்கம். அதே ஆசிரியர் என்பது சின்னக் காரணம்தான். பிச்சிக்கும் சிதம்பரத்துக்கும் எதிரி யாரென்று நன்றாகத் தெரியும். செகந்திராபாத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டு, கிரிக்கெட் ஆடிக்கொண்டிருக்கும் சந்திரசேகரனுக்கு அப்படி ஒருவன் கிடையாது. 1947-48இல் நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேராமல் நிற்கிறது. நிஜாமை ஆதரித்து ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள் ஊரை மிரட்டுகிறார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. நேற்று வரை சேர்ந்து விளையாடியவர்கள் ஒரே நாளில் வேறு பக்கமாகிவிடுகிறார்கள். அசோகமித்திரன் பிறந்து வளர்ந்த ஊர் அது, 1952-இல்தான் சென்னைக்கு வந்தார். அரிவாள் எடுத்தவனின் கதையையும் காளையை அணைந்தவனின் கதையையும் படித்து முடித்த பிறகு, எந்தப் பக்கம் நிற்பது என்றே தெரியாமல் பயந்து நிற்கும் ஒரு பையனின் கதையைத்தான் என் மனம் கேட்கிறது.

ஆகவே ஜனவரிக்கு அட்சக்கோடு, பிப்ரவரிக்குத் தோணி. அஞ்ஞாடியைப் புத்தகக் காட்சியிலேயே வாங்கி வைத்துவிட்டு மே மாத விடுமுறையில் தொடங்கப்போகிறேன். பெயர்களையும் உறவுகளையும் குறித்துக்கொள்ள ஒரு நோட்டும் வேண்டும்.