மக்கர் பண்ணும் கார்: கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா, வழக்கா?

டயர் பஞ்சர், பிரேக் பேட் தேய்வு, ஏசியில் கேஸ் குறைவு. இவற்றை எங்கே கொண்டுபோனாலும் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். ஆளைப் படுத்துவது வந்து வந்து போகிற கோளாறுதான். பெங்களூர் சில்க் போர்டு பக்கம் மாலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு எரியும், வண்டி கியரே ஏற்காது. ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். மறுநாள் காலை சர்வீஸ் சென்டரிலும் அப்படியே ஒழுங்காக ஓடும். என் வண்டி இந்த ரகம். இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக் (இரண்டு கிளட்ச் மாறி மாறிப் பிடித்து, தானே கியர் மாற்றும் ரகம்), எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னும் முடியாதது. இப்படி ஒரு வண்டியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் எங்கே போகலாம், யாரால் என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

கம்பெனி சர்வீஸ் சென்டர்

இவர்களிடம் இருப்பது வேறு யாரிடமும் முழுதாக இருக்காது. கம்பெனியின் சொந்த ஸ்கேனர், மென்பொருள் அப்டேட், ரீகால் விவரம், முக்கியமாக வாரண்டி. இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸில் கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் போய்விட்டால் கைக்காசில் மாற்றுவது பெரிய செலவு. வாரண்டி இருக்கிற வரை இவர்களை விட்டு விலகவே கூடாது.

ஆனால் அங்கே நம்மிடம் பேசுபவர் வண்டியைத் தொடுபவர் இல்லை. சர்வீஸ் அட்வைசர் நாம் சொல்வதை ஜாப் கார்டில் எழுதுவார், உள்ளே வேறொருவர் அதைப் படித்துவிட்டு வேலை பார்ப்பார். "நெரிசலில் அரை மணி ஊர்ந்த பிறகு, வண்டி சூடானதும், முதல் கியர் விழவில்லை" என்று நாம் சொன்னது, ஜாப் கார்டில் "கியர் பிராப்ளம், செக்" என்று ஆகிவிடும். உள்ளே இருப்பவர் இதை வைத்து என்ன தேடுவார்?

இன்னொரு காரணம் பணம் சம்பந்தப்பட்டது. வாரண்டி வேலைக்குப் பொதுவாகக் கம்பெனி, இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் என்று முன்பே வகுத்த கணக்கில்தான் டீலருக்குக் கூலி தரும். கோளாறைத் தேடிக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குப் பெரும்பாலும் அதில் இடம் இருக்காது. அதே நேரத்தில் இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், அண்டர்பாடி கோட்டிங் என்று செய்தால் நேரடி வருமானம். அட்வைசர் கெட்டவர் என்பதல்ல, அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் டார்கெட் அப்படி. எனக்குக் கோபம் வந்தது அதனால் இல்லை. "எங்ககிட்ட இருக்கிறப்ப அந்தப் பிரச்சினை வரலையே சார்" என்று சொல்லி, கோளாறு பதிவுகளை அழித்துவிட்டு, கழுவித் துடைத்து வண்டியைத் திருப்பிக் கொடுத்ததுதான் பொறுக்கவில்லை.

அந்த அழிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எச்சரிக்கை விளக்கு எரியும்போது காரின் கம்ப்யூட்டர் ஒரு கோளாறு எண்ணைப் பதிவு செய்யும். பல கோளாறுகளுக்கு, அந்த நொடியில் வண்டியின் வேகம், இன்ஜின் சுற்று, வெப்பம் ஆகியவற்றையும் சேர்த்தே வைத்திருக்கும். வந்து போகிற கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஸ்கேனரில் அழித்தால் அவ்வளவும் போய்விடும். அதனால் வண்டியை விடும்போதே, "அழிக்கும் முன் ஸ்கேன் ரிப்போர்ட் பிரிண்ட் வேண்டும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன புகார், சொன்ன வார்த்தையிலேயே ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். டெஸ்ட் டிரைவும் காலை பத்து மணிக்குக் காலிச் சாலையில் வேண்டாம். கோளாறு எப்போது வருமோ அப்போது, உங்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள்.

வெளி மெக்கானிக்

வெளி மெக்கானிக் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் பல வகை. வில்சன் கார்டன், லால்பாக் ரோடு பக்கத்துச் சிறு கராஜ்கள் ஒரு வகை, பல பிராண்டு வண்டிகளையும் எடுக்கும் செயின் கடைகள் இன்னொரு வகை. மூன்றாவது, ஏதாவது ஒரு கம்பெனி சர்வீஸில் பல வருஷம் இருந்துவிட்டு, அந்த ஒரு பிராண்டை மட்டும் தனியாகப் பார்ப்பவர்கள். மக்கர் பண்ணும் வண்டிக்கு இந்த மூன்றாவது வகையைத்தான் நான் சொல்வேன். செயின் கடைகளில் நடப்பது பெரும்பாலும் அதே அட்வைசர் கதைதான்.

இங்கே இருக்கும் பெரிய வித்தியாசம், கேட்பவரே கையை வைப்பவர். என் வண்டியைப் பார்த்தவர் சேலத்துக்காரர். முதலில் பேட்டரி வோல்டேஜையும் எர்த் வயர் இணைப்பையும்தான் சோதித்தார். மின்சாரம் சரியாக வராவிட்டால் கம்ப்யூட்டர் சம்பந்தமில்லாத கோளாறு எண்களையெல்லாம் காட்டும், அதை நம்பிப் பார்ட்ஸ் மாற்றினால் காசுதான் போகும் என்றார். அப்புறம் லேப்டாப்பை மாட்டிக்கொண்டு, "ஆறு மணிக்கு மேல வாங்கண்ணா, டிராஃபிக்லயே ஓட்டிப் பார்ப்போம்" என்றார். ஓசூர் ரோட்டில் ஊர்ந்து போனபோது கிளட்ச் வெப்பம் ஏறுவதும், அதன் பின்னால் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டுக்குள் ஆயில் அழுத்தம் விழுவதும் திரையில் தெரிந்தது. உலர் கிளட்ச் வைத்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு இந்த ஊர் டிராஃபிக் ஆகாது. ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் தேய்கிறது, சூட்டைத் தணிக்க அந்தக் கிளட்சைச் சுற்றி ஆயில் கிடையாது. பி.எஸ். 6 புகை விதிப்படி வந்த டீசல் வண்டிக்காரர்களுக்கும் இதேபோல் ஒரு தொல்லை உண்டு. அலுவலகம், வீடு என்று குறுகிய தூரமே ஓடினால் புகை வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது எரியும். கிருஷ்ணகிரி வரை ஒரு முறை போய் வந்தாலே விளக்கு அணைந்துவிடும் வண்டிகள் உண்டு. அதற்குப் போய்ப் பார்ட்ஸ் மாற்ற வேண்டாம்.

வெளியில் குறை இல்லாமல் இல்லை. செய்த வேலைக்கு எழுத்தில் உத்தரவாதம் வாங்குவது கஷ்டம். ஜே.சி. ரோட்டில் கம்பெனிக்கே சப்ளை செய்பவர்களின் பார்ட்ஸ், அவர்கள் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதன் பக்கத்திலேயே போலியும் கிடைக்கும். பில் கேளுங்கள், பழைய பார்ட்டைக் கையில் வாங்குங்கள். சில கண்ட்ரோல் யூனிட்டுகளைக் கம்பெனி சர்வருடன் இணைத்தால்தான் கோடிங் செய்ய, அதாவது அந்த வண்டிக்கேற்ப அமைக்க முடியும். அந்த வேலைக்குத் திரும்பவும் டீலரிடம்தான் போயாக வேண்டும்.

வாரண்டி போய்விடாதா என்று கேட்பார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், உதிரிப் பாகங்களை வெளிச் சந்தைக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியில் வேலை பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யக் கூடாது, வெளி வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. இதை நம்பி வாரண்டிக் காலத்தில் வெளியே கியர்பாக்ஸைக் கழற்றச் சொல்ல மாட்டேன். ஸ்கேனரை மாட்டிப் படிப்பது வேறு. அதில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதில்லை. நான் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, பதிவான அளவீடுகளோடு கம்பெனி சென்டருக்குத் திரும்பினேன். அதுவரை "கோளாறே இல்லை" என்றவர்கள், அதைக் கம்பெனிக்கு அனுப்பி அனுமதி வாங்கி, வாரண்டியிலேயே யூனிட்டை மாற்றினார்கள். கண்டுபிடிப்பது வெளியில், மாற்றுவது உள்ளே. வாரண்டி இருக்கும் வண்டிக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டீலரை மட்டும் மாற்றினால்?

உதவலாம். ஒரே கம்பெனியின் டீலர்கள் தனித்தனி முதலாளிகள். எந்த டீலரிடம் வாங்கியிருந்தாலும் வாரண்டி வேலையை வேறொருவரிடம் செய்துகொள்ளலாம். ஓசூர் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோகும் தமிழர்கள் இங்கே நிறைய பேர். கூட்டம் குறைவு, தமிழில் விளக்கமாகச் சொல்லலாம், வேலை பார்ப்பவரிடமே பேச முடியும் என்பார்கள். பெரிய வேலைக்கு அங்கே பார்ட் வர நாளாகலாம்.

வழக்கு

எழுத்தில் எதுவும் இல்லாமல் இந்த வழியில் இறங்காதீர்கள். முதலில் கம்பெனிக்கு மின்னஞ்சல், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் இங்கேயே போடலாம். 5 முதல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 3 மாதத்தில், சோதனைக்கூட ஆய்வு தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். நடப்பில் அதைவிட நாளாகும்.

புது வண்டியே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. அமெரிக்காவில் 1982 முதல் மாநிலம் மாநிலமாக வந்தது போல், அடிக்கடி பழுதாகும் காருக்கென்றே தனிச் சட்டம் இங்கே இல்லை. வாரண்டி, பழுதான பாகத்தை மாற்றுவதாகத்தான் சொல்கிறது என்றால் முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-இல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டீலர் செய்த தவறுக்குக் கம்பெனி தானாகப் பொறுப்பாகிவிடாது என்று 2021-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆகவே டீலர், கம்பெனி இரண்டு பேரையும் எதிர்த்தரப்பில் சேர்க்க வேண்டும். வாரண்டிக்குள் கோளாறைச் சொல்லியும் சரிசெய்யாமல் இழுத்தடித்து, வாரண்டி முடிந்ததும் பில் நீட்டுகிறார்களா? அப்போது இந்த வழி உண்மையாகவே பலம். தேதி போட்ட ஜாப் கார்டுகள் அங்கே பேசும்.

விற்றுவிடுவது

கர்நாடகாவில் புது பெட்ரோல், டீசல் காருக்கு ஆயுள் வரியே 13 முதல் 18 விழுக்காடு, அதன்மேல் செஸ். அடுத்த வண்டிக்கு இதையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். வாரண்டி முடிந்து, கியர்பாக்ஸ் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தொட்டால் நானே விற்கத்தான் சொல்வேன். ஆனால் கோளாறை மறைத்து விற்காதீர்கள். வாங்குகிறவர் குடும்பத்தோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, பின்னால் லாரி வர, வண்டி கியரை விட்டுவிட்டால் என்ன ஆகும்? விலை குறைந்தாலும் சொல்லியே விற்று, ஜாப் கார்டுகளையும் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.