நீட்டுவதா, உருட்டுவதா, வலுவேற்றுவதா: இறுகிய தொடையும் முட்டி வலியும்

படி ஏறும்போது அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போதுதான் முட்டிச் சில்லுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல இருக்கும். மும்பையில், ஃபைவ் கார்டன் பூங்காவில் காலையில் ஓட ஆரம்பித்த ஆறாவது வாரத்தில் எனக்கு இது வந்தது. வீடு சயான் கோலிவாடாவில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி. வேலை ஃபோர்ட்டில், கணக்கு எழுதும் வேலை, நாள் முழுக்க நாற்காலி. நடுவில் ஜிடிபி நகர் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி இறங்க வேண்டும். ஆக வலியை மறந்துவிட்டு ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

வலி வந்த வாரமே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. அத்தை நொச்சி இலை ஒத்தடமும் எண்ணெயும் என்றார். ஜிம்முக்குப் போகும் என் கொழுந்தன், "மைனி, தொடை இறுகிக் கிடக்கு, ரோலர் போட்டு உருட்டுங்க, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான் (ரோலர் என்றால் தசையை அழுத்தி உருட்டும் உருளை). யோகா வகுப்புக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா காலை நீட்டி மடக்கும் பயிற்சிகளைச் சொன்னார். அடுத்த ஐந்து மாதத்தில் இவை அத்தனையும் செய்து பார்த்துவிட்டேன், பிசியோதெரபிஸ்ட் சொன்னதையும் சேர்த்து. எது எதற்கு உதவுகிறது, எது எங்கே நின்றுவிடுகிறது என்பதை மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று ஒவ்வொரு வீட்டிலும் இதே முட்டியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எந்த வலியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துக்கொள்வோம். படி இறங்கும்போது, குத்த வைத்து எழும்போது, சினிமா முடிந்து சீட்டிலிருந்து எழும்போது, முட்டிச் சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ வருகிற வலி இது. வீக்கம் இருக்காது, விழுந்திருக்க மாட்டீர்கள். அத்தைக்கு 68 வயது, அவருக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் விறைப்பாக இருக்கும், சம்மணம் போட முடியாது. இரண்டையும் ஒரே மருந்தில் கட்டிப்போட நினைப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். அப்புறம் இன்னொன்று: முட்டி வீங்கிச் சூடாக இருந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, பாதியில் பூட்டு விழுந்த மாதிரி மடக்கவும் நீட்டவும் முடியாமல் போனாலோ, விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, இந்த ஒப்பீடெல்லாம் உங்களுக்கு இல்லை, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

தசை இறுகினால் முட்டி ஏன் வலிக்க வேண்டும்? முட்டிச் சில்லு தனியாக மிதக்கும் எலும்பு இல்லை. தொடையின் முன்பக்கத் தசைகள் நாலும் ஒன்றாகிக் கீழே இறங்கும் தசைநாருக்குள்ளே அது பதிந்திருக்கிறது. அந்தத் தசைகள் இறுகியிருந்தால், முட்டியை மடக்கும்போதெல்லாம் சில்லைத் தொடை எலும்போடு வைத்து அழுத்தும். பின்தொடை இறுகியிருந்தால் காலை முழுசாக நீட்ட விடாது, அதை எதிர்த்து இழுக்கவே முன்தொடை கூடுதலாக உழைக்கும். கெண்டைக்கால் இறுகியிருந்தால் கணுக்கால் முன்னால் மடங்காது, அதை ஈடுகட்டப் பாதம் உள்பக்கம் சரியும், பாதம் சரிந்தால் முட்டியும் உள்ளே சரியும். வலி ஒரு இடத்தில் இருக்கும், அதைக் கிளப்பிவிடுவது மேலேயோ கீழேயோ இருக்கும். சில்லின் மேல் விழும் அழுத்தத்தை 1972-லேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள்: சமதரையில் நடக்கும்போது உடல் எடையில் பாதி, படியில் 3 மடங்குக்கு மேல், முழுசாகக் குத்த வைத்தால் 7 மடங்குக்கு மேல். 60 கிலோ ஆள் படி இறங்கினால் ஒவ்வொரு அடிக்கும் 180 கிலோவுக்கு மேல். நாலு மாடிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கே இறுக்கம் என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். குப்புறப் படுத்து ஒரு குதிகாலைக் கையால் பிடித்துப் புட்டத்தை நோக்கி இழுத்துப் பாருங்கள், இடுப்பு தரையிலிருந்து எழும்பினால் முன்தொடை இறுக்கம். கெண்டைக்காலுக்கு, கால் கட்டைவிரலைச் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்து, குதிகாலை எடுக்காமல் முட்டியால் சுவரைத் தொட வேண்டும். எனக்கு இரண்டு விரற்கடையிலேயே குதிகால் எழும்பியது. வலது காலில்தான் அது, வலியும் வலது காலில்தான்.

சரி, ஒவ்வொன்றாக வருவோம்.

ஓய்வு. எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான், நானும் மூன்று வாரம் இருந்து பார்த்தேன். வலி குறைந்தது உண்மை. திரும்ப ஓடப் போன முதல் நாளே வந்துவிட்டது, அதுவும் முன்னைவிடச் சீக்கிரமாக, ஏனென்றால் ஓய்வில் இருந்த தசை இன்னும் கொஞ்சம் வலு இழந்திருந்தது. வலியைக் கிளப்புவதைக் குறைப்பது நல்லது, ஒரேயடியாகக் காலைத் தூக்கி வைத்துக்கொள்வது நல்லதில்லை. எனக்கு ஓட்டத்தைப் பாதியாக்கி, நடையைச் சமதரைக்கு மாற்றியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும்.

முட்டி உறையும் வலி ஜெல்லும். மெடிக்கலில் 300 ரூபாய்க்கு உறை வாங்கினேன். போட்டால் ஒரு தெம்பு வருகிறது, லோக்கல் ரயிலில் கூட்டத்தில் நிற்கும்போது அது பெரிய விஷயம்தான், ஆனால் கழற்றியதும் பழைய கதை. சில்லைச் சுற்றி வரும் இந்த வலிக்கு உறை பரிந்துரைக்க வேண்டாம் என்றே 2019-இல் வந்த அமெரிக்கப் பிசியோதெரபி வழிகாட்டுதல் சொல்கிறது. முட்டியில் ஒட்டும் பட்டையை (டேப்) வேண்டுமானால் முதல் நாலு வாரத்துக்கு, பயிற்சியோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்கிறது. டைக்ளோஃபெனாக் ஜெல் அத்தையின் தேய்மான வலிக்கு நல்ல உதவி, அது அவருக்கான மருந்து. எனக்குச் சில்லுக்குப் பின்னால் இருந்த வலிக்கு அது பெரிதாக எதுவும் செய்யவில்லை. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் போடுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரத்த அழுத்தமோ வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் அது வேறு சிக்கலில் கொண்டுபோய் விடும்.

ஒத்தடம், எண்ணெய், ரோலர் மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறேன், ஏனென்றால் மூன்றும் செய்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான்: இறுக்கத்தைக் கொஞ்ச நேரத்துக்குத் தளர்த்துகின்றன. அத்தையின் நொச்சி ஒத்தடம் (இங்கே நிர்குடி என்று கேட்க வேண்டும்) இரவில் தூங்க வைத்தது, அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். கொழுந்தனின் ரோலரை உருட்டிவிட்டு எழுந்தால் தொடை லேசாகி, கால் நன்றாக மடங்கும். அரை மணி நேரத்தில் பழையபடி ஆகிவிடும். ரோலர் நல்லது என்றுதான் சொல்வேன், ஆனால் பயிற்சிக்கு முன் பத்து நிமிடம் என்ற இடத்தில் வைக்க வேண்டும். 1,000 ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும் என்றும் இல்லை. உட்கார்ந்துகொண்டு சப்பாத்திக் கட்டையால் தொடையை உருட்டினாலும் அதே பலன் எனக்குக் கிடைத்தது. தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டையை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு உருட்டாதீர்கள். அது தசை இல்லை, தடித்த நார்ப்பட்டை, உருட்டி நீளாது. அதைப் பிடித்து இழுக்கும் இடுப்புத் தசைகளைத்தான் கவனிக்க வேண்டும்.

இனி உண்மையான போட்டி: நீட்டும் பயிற்சியா, வலுவேற்றும் பயிற்சியா.

நீட்டுவதை ஏழு வாரம் ஒழுங்காகச் செய்தேன். மல்லாந்து படுத்து, பழைய வேட்டித் துண்டைப் பாதத்தில் மாட்டி, காலை நேராகத் தூக்கிப் பின்தொடையை நீட்டுவது. சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டுவது. நின்றபடி குதிகாலைப் பிடித்து முன்தொடையை நீட்டுவது. ஒவ்வொன்றும் 30 விநாடி. அதற்கு மேல் பிடித்து நின்று பயனில்லை: 1994-இல் பின்தொடையை வைத்து 15, 30, 60 விநாடி என்று ஒப்பிட்டுப் பார்த்ததில் 30-ம் 60-ம் ஒரே பலன் கொடுத்தன, 15 போதவில்லை. இரண்டாவது வாரத்திலேயே காலையில் கட்டிலை விட்டு எழுவது சுலபமாயிற்று. ஆனால் படி இறங்கும் வலி பாதிதான் குறைந்தது, ஒரு நாள் விட்டால் இறுக்கம் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்விக்கு நீட்டும் பயிற்சியிடம் பதில் இல்லை.

பதிலைக் காட்டியவர் சயானில் நான் போய்ப் பார்த்த பிசியோ. என்னை ஒரு மணைப்பலகை மேல் ஒற்றைக் காலில் நிறுத்தி, எதிரே கண்ணாடி வைத்து, மற்றக் காலின் குதிகாலை மெதுவாகத் தரையில் தொட்டு மேலே வரச் சொன்னார். இடது காலில் சரியாக வந்தது. வலது காலில் நின்று இறங்கியபோது, என் முட்டி கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கம் சாய்ந்து, இடுப்பு ஒரு பக்கம் இறங்கி, தொடையே நடுங்கியது. மூன்று அங்குல உயரம்தான். தினமும் நாலு மாடி இறங்கும் கால் அது. "உங்க தொடை இறுகிக் கிடக்கிறது அதுக்குப் பலம் இல்லாததாலதான். விழாம இருக்க எப்பவும் பிடிச்சுக்கிட்டே இருக்கு. பிடியை மட்டும் தளர்த்தினா போதாது, பிடிக்கிற தேவையை எடுக்கணும்" என்றார். இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் புட்டத் தசையும் வலுவில்லாமல் இருக்க, அவற்றின் வேலையையும் முன்தொடை சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதன் பிறகு செய்தது இதுதான். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து வலிக்காத ஆழத்தில் 30 விநாடி உட்கார்வது, படி விளிம்பில் நின்று குதிகாலை மெல்ல இறக்கி ஏற்றுவது, அந்த மணைப்பலகை இறக்கம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொன்றும் 10 முதல் 12 முறை, மூன்று சுற்று. செய்யும்போது வலி பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், அடங்கவில்லை என்றால் அளவைக் குறைக்க வேண்டும். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை, இங்கேதான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டுவிட இருந்தேன். ஆறாவது வாரத்தில் ஒரு சாயங்காலம் ஜிடிபி நகர் பாலத்தைக் கைப்பிடியைத் தொடாமல் இறங்கி முடித்த பிறகுதான், தொடவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை இது. இந்த வலியை ஆராயும் பல நாட்டு நிபுணர்களின் 2018 கூட்டறிக்கை, முட்டிக்கும் இடுப்புக்கும் சேர்த்துச் செய்யும் பயிற்சியைத்தான் முன்னால் வைக்கிறது. மின் கருவிகள் வைத்துச் செய்யும் சிகிச்சைகளை வேண்டாம் என்கிறது. பத்து நாள் கரண்ட் வைத்துவிட்டு ஒரு பயிற்சிகூடச் சொல்லித் தராமல் அனுப்பும் இடங்கள் இருக்கின்றன, எனக்கும் முதலில் அப்படி ஓர் இடம் வாய்த்தது, பணமும் பத்து நாளும் போனதுதான் மிச்சம். உடல் வளைவதற்கு நீட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. முழு அசைவோடு செய்யும் வலுப் பயிற்சியும் நீட்டும் பயிற்சிக்குச் சமமாகவே வளையும் தன்மையைக் கூட்டுகிறது என்று 2021-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். என் கணுக்காலில் அதைப் பார்த்தேன். குதிகாலை விளிம்புக்குக் கீழே இறக்கி ஏற்றியே இப்போது நாலு விரற்கடை வந்துவிட்டது.

அப்படியானால் நீட்டுவதை விட்டுவிடலாமா? நான் விடவில்லை. இரவில் பத்து நிமிடம் துண்டை மாட்டி நீட்டினால் நாற்காலியில் கழிந்த நாள் உடம்பிலிருந்து இறங்குகிறது. ஆனால் நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் வலுப் பயிற்சிக்குக் கொடுப்பேன். ஒரு விதிவிலக்கு உண்டு: சுவர்ச் சோதனையிலோ குப்புறப் படுத்த சோதனையிலோ அசைவே இல்லை என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் நீட்டுவது முந்த வேண்டும், இல்லாவிட்டால் வலுப் பயிற்சியையே ஒழுங்காகச் செய்ய வராது.

ஓடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கினால் ஓட்டம் நின்றுவிடும், செப்டம்பர் கடைசியில் விட்ட இடத்திலிருந்து ஒரே தாவாகத் தாவுவோம், ஜனவரி மாரத்தான் வேறு கண்ணுக்கு முன்னால் நிற்கும். முட்டி கெடுவது அங்கேதான். மழை நாட்களில் வீட்டுக்குள் அந்த ஐந்து பயிற்சியையும் விடாமல் வைத்திருந்து, திரும்பும்போது இரண்டு நிமிடம் ஓட்டம் இரண்டு நிமிடம் நடை என்று தொடங்குங்கள்.

தேய்மானம் உள்ள அத்தைக்கும் பிசியோ சொன்னது கிட்டத்தட்ட இதே பயிற்சிகள்தான், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதிலிருந்து தொடங்கி. ஒத்தடத்தை அவர் விடவில்லை, விடவும் வேண்டியதில்லை. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ரோலரையும் உறையையும் விட்டுவிட்டு, உங்களை ஒற்றைக் காலில் நிறுத்திப் பார்க்கிற ஒரு பிசியோவிடம் ஒரே ஒரு முறை போய் வாருங்கள். மணைப்பலகையும் துண்டும் சுவரும் வீட்டிலேயே இருக்கின்றன.