ஆசிரியர்களுக்கான போக்சோ சட்டப் பயிற்சி: ஒரு மதிப்புரை

தன்னார்வ அமைப்பு ஒன்று பள்ளி ஆசிரியர்களுக்காக மதுரையில் நடத்திய போக்சோ (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும்) சட்டப் பயிற்சியில் அண்மையில் கலந்துகொண்டேன். இத்தகைய வகுப்புகள் பெரும்பாலும் தண்டனைப் பிரிவுகளைப் படித்துக் காட்டுவதோடு முடிந்துவிடும். இங்கு வகுப்பெடுத்த வழக்கறிஞரோ, 18 வயது நிரம்பாதவரின் சம்மதத்தைச் சட்டம் ஏன் ஏற்பதில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்கினார்.

1889இல் கல்கத்தாவில் புல்மோனி தாசி என்ற சிறுமி, வயதில் மிகவும் மூத்த கணவனின் வன்செயலால் இறந்தாள். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் 10 வயதையே சம்மத வயதின் வரம்பாக வைத்திருந்தது. அவள் அதைக் கடந்திருந்ததால், அவன்மீது வன்புணர்வுக் குற்றம் நிற்கவில்லை. 1891இல், திலகர் உள்ளிட்டோரின் கடும் எதிர்ப்பை மீறி, வரம்பு 12 ஆனது. 1949இல் 16 ஆகவும், 2012இல் போக்சோ சட்டத்தின் வழியாக 18 ஆகவும் உயர்ந்தது.

வகுப்பின் சிறந்த பகுதி அடுத்து வந்தது. மறுக்கும் வலிமை உள்ளவர் தரும் சம்மதத்துக்கே பொருள் உண்டு. ஆசிரியரையோ, சோறு போடும் உறவினரையோ அண்டி வாழும் பிள்ளை பணிந்துபோனதைத் தமக்குச் சாதகமான சான்றாக அப்பெரியவர் நீதிமன்றத்தில் காட்ட முடியாதபடி சட்டம் அந்த வழியை அடைத்திருக்கிறது. விசாரணைக்கு உள்ளாக வேண்டியது பிள்ளையின் நடத்தையன்று, பெரியவரின் நடத்தையே என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

குறை என்னவென்றால், 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் காதல் உறவுகளைப் பற்றிய விவாதம் கடைசிச் சில நிமிடங்களுக்குள் சுருங்கிவிட்டது. வரம்பை 16 ஆக்குவது குறித்துச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் தெரிவித்த யோசனையும், அதைக் குறைக்க வேண்டாம், ஆனால் இத்தகைய வழக்குகளில் தண்டனை குறித்து நீதிபதிக்கு விருப்புரிமை வேண்டும் என்ற சட்ட ஆணையத்தின் 2023ஆம் ஆண்டுப் பரிந்துரையும் பெயரளவில் மட்டுமே வந்துபோயின. ஒத்த வயதினரிடையே அதிகார ஏற்றத்தாழ்வு என்னும் வாதம் அத்தனை வலுவாகப் பொருந்தாது. ஆயினும் வரம்பையே இறக்கினால் அது மூத்த ஆண்களுக்குத்தான் முதலில் பயன்படும் என்பதால், ஆணையத்தின் வழியே எனக்குச் சரியாகப் படுகிறது. குற்றம் தெரிந்தும் தகவல் தராதவர்களுக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்க இடமிருக்கும் நிலையில், காதலிக்கும் மாணவர்களை அறிந்த ஆசிரியருக்கு இதுவே அன்றாடச் சிக்கல்.

விடுதிக் காப்பாளர்களும் வகுப்பாசிரியர்களும் தயங்காமல் சேரலாம். பதிவு செய்யும்போதே இந்தப் பகுதிக்குத் தனி அமர்வு ஒதுக்குமாறு கேட்டுக்கொள்ளுங்கள்.